ஸ்டாட்ஹெட் சந்தா கட்டலாமா? பாரி பாண்ட்ஸை வைத்து ஒரு சோதனை

ஸ்டாட்ஹெட் என்கிற பேஸ்பால் புள்ளிவிவரத் தேடலுக்குப் பணம் கட்டலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஏதாவது ஒரு பேஸ்பால் டீம் மேல் உங்களுக்குத் தீராத கோபம் இருக்கிறதா? இருந்தால் கட்டுங்கள், உபயோகப்படும். இல்லையென்றால் இலவசமாகக் கிடைப்பதே போதும்.

எனக்குக் கோபம் இருக்கிறது. டீம் சியாட்டில் மரினர்ஸ், வருடம் 2008. அதற்கு முந்தைய வருடம் 88 ஆட்டங்களை ஜெயித்திருந்தார்கள். இந்தத் தடவை பிளேஆஃப் நிச்சயம் என்று நம்பி, எரிக் பெடார்ட் என்கிற ஒரே ஒரு பிட்சருக்காக (பந்து வீசுகிறவர்) ஆடம் ஜோன்ஸ் உட்பட ஐந்து பேரைத் தூக்கிக் கொடுத்தார்கள். சம்பளப் பட்டியல் 10 கோடி டாலரைத் தாண்டியது. முடிவு 61 வெற்றி, 101 தோல்வி. பத்து கோடிக்கு மேல் செலவு செய்து நூறு ஆட்டம் தோற்ற முதல் டீம் என்ற பெருமை எங்கள் ஊருக்குத்தான். ஜூன் மாதமே ஜெனரல் மேனேஜர் பில் பவாசி வீட்டுக்குப் போனார், பின்னாலேயே மேனேஜர் ஜான் மக்லாரனும் போனார்.

அந்த வருடம் எங்கள் டிஎச் ஹோசே விட்ரோ. பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: டிஎச் என்றால் ஃபீல்டிங்குக்கே வராமல் பேட்டிங் மட்டும் செய்கிறவர். அடிப்பது ஒன்றுதான் வேலை. விட்ரோ அடித்த சராசரி .234, அதாவது நூறு வாய்ப்பில் 23 ஹிட். ஆன்-பேஸ், அதாவது அவுட்டாகாமல் பேஸுக்குப் போன விகிதம், .274. அவரைச் சில ஆட்டங்களில், பலமாக அடிக்கிறவர்களுக்கான நாலாவது இடத்தில் வேறு இறக்கினார்கள். அதே கோடையில், ஹோம் ரன் சாதனையைக் கையில் வைத்திருந்த ஒரு மனிதர், குறைந்தபட்ச சம்பளத்துக்கே வருகிறேன் என்று சொல்லியும் கூப்பிட ஆளில்லாமல் கலிபோர்னியாவில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பாரி பாண்ட்ஸ்.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன்.

பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்பது ஷான் ஃபோர்மன் 2000-ல் தொடங்கிய தளம். 1871 முதல் இன்று வரை மேஜர் லீகில் ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். இது இலவசம், ஓரத்தில் விளம்பரம் ஓடும். ஸ்டாட்ஹெட் அதே கம்பெனியின் கட்டணத் தேடல். பழைய ஆட்கள் இதை ப்ளே இண்டெக்ஸ் என்ற பெயரில் பார்த்திருப்பார்கள். வயது, வருடம், டீம், குறைந்தது இத்தனை முறை பேட்டிங் என்று நிபந்தனை போட்டுத் தேடலாம். சந்தா இல்லாவிட்டால் பட்டியலின் மேல்பகுதி மட்டும் தெரியும்.

திருநெல்வேலியில் இருக்கிற என் மச்சினனுக்கு இது ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஸ்டாட்ஸ்குருவில எல்லாம் சும்மா கிடைக்குது அத்தான், இதுக்குப் போய் டாலர்ல கொடுக்கீகளே" என்றான். அவன் சொல்வது நியாயம்தான். கிரிக்இன்ஃபோவின் ஸ்டாட்ஸ்குருவில் பழகின கைக்கு ஸ்டாட்ஹெட்டின் பெட்டிகளும் கீழிறங்கும் பட்டியல்களும் புதிதாகத் தெரியாது. ஆனால் "மாப்ளே, 42 வயசுக்கு மேல ஆடினவங்க எல்லாரையும் ஓபிஎஸ் வரிசைப்படி காட்டுன்னு இதுகிட்ட கேளு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வரும்" என்று செய்து காட்டினேன். (ஓபிஎஸ் என்பது ஆன்-பேஸோடு, அடியின் வலுவை அளக்கும் ஸ்லக்கிங்கைக் கூட்டின எண்.) அந்தத் தேடலைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்.

வயது 42 அல்லது அதற்கு மேல், குறைந்தது 300 முறை பேட்டிங், 1901-லிருந்து. தட்டினால் முதல் வரியில் நிற்பது பாண்ட்ஸ், 2007. ஓபிஎஸ் 1.045. 1949-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்காக 42 வயதில் ஆடிய லூக் ஆப்ளிங்கும் பெரிய ஆட்டக்காரர்தான், அந்த வருடம் .301 அடித்தார். ஆனால் ஓபிஎஸ் .833, ஹோம் ரன் 5. பாண்ட்ஸுக்கு 28. இருவருக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது. (ஒரு சின்ன விஷயம்: தளம் வயதை ஜூன் 30 கணக்கில் எடுக்கிறது. பாண்ட்ஸ் பிறந்தது ஜூலை 24, அதனால் அவர் 43-ஐ எட்டிய சீசனும் 42 என்றுதான் விழும். வயது வைத்துத் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். லீகில் முதலிடம் பிடித்த எண்களைத் தடித்த எழுத்தில் போடுவது இந்தத் தளத்தின் வழக்கம். பாண்ட்ஸ் பக்கத்தில் தடித்த எழுத்து மேலிருந்து கீழ் வரை இறைந்து கிடக்கிறது. 2001-ல் 73 ஹோம் ரன். 2004-ல் 232 வாக் (பிட்சர் நாலு பந்தைத் தப்பாகப் போட்டால் முதல் பேஸ் இலவசம்), அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தது. அதாவது எதிர் டீம், உனக்குப் போடுவதைவிட உன்னைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவதே மேல் என்று முடிவு செய்தது 120 தடவை. 2005-ல் முழங்கால் அறுவை சிகிச்சைகளால் 14 ஆட்டம் மட்டும். கடைசி வரி 2007: 126 ஆட்டம், .276 சராசரி, .480 ஆன்-பேஸ், 132 வாக். அந்த .480-ம் 132-ம் தடித்த எழுத்து. நூறு தடவை மட்டையோடு வந்தால் 48 தடவை அவுட்டாகாமல் பேஸுக்குப் போயிருக்கிறார், லீகிலேயே முதல். அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. வயதான ஆட்டக்காரர்களின் பக்கங்களில் கடைசி நாலைந்து வரிகள் தேய்ந்துகொண்டே வரும்; .220, .205, நடுவில் இரண்டு டீம் மாறியிருப்பார்கள். இங்கே அப்படி எதுவுமில்லை.

ஆட்டவாரிப் பதிவுக்குள் போனால் கடைசி ஆட்டம் செப்டம்பர் 26, 2007. சான் பிரான்சிஸ்கோவில், சான் டியாகோவுக்கு எதிராக. மூன்று தடவை அடிக்க வந்தார், ஹிட் இல்லை. கடைசியாக ஜேக் பீவியின் பந்தை வலது-நடுப் பக்கம் தூக்கி அடித்தார், சுவர்ப்பக்கம் கேட்ச் ஆனது. அதற்கு ஐந்து நாள் முன்பே அவருடைய டீமான சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் நிர்வாகம் அடுத்த வருடம் இவர் எங்களுக்கு வேண்டாம் என்று அறிவித்துவிட்டது.

இது வரைக்கும் தளத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இதற்குப் பிறகுதான் சிக்கல். 1.045 அடித்தவனை 30 டீமில் ஒன்றுகூட ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்கு இந்த எண்களில் பதில் இல்லை. அது தளத்தின் தப்பு இல்லை. அது கணக்குப் புத்தகம். ஆனால் தேடத் தெரிந்தால் பதிலில் பாதியை அதிலிருந்தே உருவிவிடலாம்.

முதலில் யாரெல்லாம் அவரை எடுத்திருக்க முடியும் என்று பாருங்கள். 2008-ல் நேஷனல் லீகில் டிஎச் கிடையாது. அந்த 16 டீமில் எதற்கு வந்தாலும் லெஃப்ட் ஃபீல்டில் ஓடியாக வேண்டும். மூன்று முறை கத்தி பட்ட முழங்காலோடு 43 வயதில் ஓடுவது நடக்காத காரியம். மிச்சம் அமெரிக்கன் லீகின் 14 டீம். அதில் பாஸ்டனுக்கு ஓர்டிஸ், ஒயிட் சாக்ஸுக்கு தோமி, கிளீவ்லாந்துக்கு ஹாஃப்னர் என்று பாதிப் பேர் டிஎச் இடத்தை ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள். ஆக, முப்பது என்று சொல்கிற சந்தை உண்மையில் ஆறேழு டீம்தான். அந்த ஆறேழில் ஒன்று சியாட்டில். என் வயிற்றெரிச்சல் இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது வழக்கு. பாண்ட்ஸ் எந்த டீமோடும் ஒப்பந்தம் இல்லாமல் வெளியே வந்த சில வாரங்களில், நவம்பர் 15, 2007 அன்று, அவர் மேல் குற்றப்பத்திரிகை பாய்ந்தது. ஊக்கமருந்து எடுத்ததற்கு அல்ல, பொய் சாட்சி சொன்னதற்கும் நீதிக்குத் தடை போட்டதற்கும். 2003 டிசம்பரில், ஆட்டக்காரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ லேப் வழக்கில், குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன்னால், தன் பயிற்சியாளர் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்தேன் என்று சொல்லியிருந்தார். அரசுத் தரப்பு அதை நம்பவில்லை. அந்தப் பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் வாய் திறக்க மறுத்து மொத்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார். டிசம்பர் 13-ல், பேஸ்பாலில் ஊக்கமருந்துப் பழக்கம் பற்றிய மிட்செல் அறிக்கை வேறு வந்தது. லீகே ஊக்கமருந்து அவமானத்தில் தலைகுனிந்திருந்த மாதத்தில் இவரை மேடையில் நிறுத்தி ஜெர்சி மாட்டிவிட எந்த முதலாளிக்கு மனசு வரும்? எடுத்த பிறகு விசாரணைத் தேதி சீசன் நடுவில் விழுந்தால்? ஜயண்ட்ஸே 2007 ஒப்பந்தத்தில் குற்றப்பத்திரிகை வந்தால் விலக்கிவிடலாம் என்ற நிபந்தனையை நுழைக்கப் பார்த்தது அப்போது செய்தியானது. பதினைந்து வருடம் கூடவே இருந்து, அவரை வைத்து ஸ்டேடியத்தை நிரப்பிய டீமுக்கே அந்தப் பயம்.

இந்த இடத்தில்தான் ஸ்டாட்ஹெட்டை எனக்குப் பிடிக்கும். ஊக்கமருந்துதான் காரணமா என்று அதிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதே பால்கோ கிராண்ட் ஜூரியின் முன் சாட்சி சொன்னவர் ஜேசன் ஜியாம்பி. அவர் பக்கத்தைத் திறந்தால் 2008-ல் யாங்கீஸுக்காக 32 ஹோம் ரன், அப்புறம் ஓக்லாந்து, கொலராடோ, கிளீவ்லாந்து என்று 2014 வரை வரிகள் நீள்கின்றன. கடைசிக் காலத்தில் சராசரி .200-க்கும் கீழே போன வருடத்தில்கூட அவரை வைத்திருந்தார்கள், இளம் ஆட்டக்காரர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று. கொலராடோ அவரை மேனேஜர் வேலைக்கே நேர்காணல் செய்தது. கேரி ஷெஃபீல்டும் அதே வழக்கில் பெயர் அடிபட்டவர், வாய்த்துடுக்குக்கும் பெயர் போனவர். 499 ஹோம் ரன்னோடு நின்றவரை 2009 சீசன் தொடங்கும்போது டெட்ராய்ட் கழற்றிவிட்டது. நியூயார்க் மெட்ஸ் உடனே எடுத்துக்கொண்டது. ஏப்ரலிலேயே 500-வது ஹோம் ரன்னை மெட்ஸ் ஜெர்சியில் அடித்தார். வயது 40.

ஆக, மருந்து மட்டும் காரணமில்லை. வயது மட்டும் காரணமில்லை. வம்பு பிடித்த ஆள் என்ற பெயர் மட்டும் காரணமில்லை. ஜியாம்பி மன்னிப்புக் கேட்டார், சிரித்தார், பத்திரிகைக்காரர்களோடு சகஜமாக இருந்தார். பாண்ட்ஸ் இந்த மூன்றில் எதையும் செய்ததில்லை. சான் பிரான்சிஸ்கோ டிரெஸ்ஸிங் ரூமில் அவருக்கென்று ஒரு மூலை, சாய்வு நாற்காலி, தனி டிவி. அவருக்கென்று தனிப் பயிற்சியாளர்கள். 2002-ல் டக்அவுட்டில், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சொந்த டீமின் ஜெஃப் கென்ட்டோடு சட்டையைப் பிடிக்காத குறையாக மல்லுக்கு நின்றார். அந்த வருடம்தான் ஜயண்ட்ஸ் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; டிரெஸ்ஸிங் ரூம் ஒற்றுமையைப் பற்றி டீம்கள் பேசுவதை நான் பாதிதான் நம்புவேன். .480 ஆன்-பேஸ் உள்ளவனோடு ஒற்றுமையாக இருக்க யாருக்கும் கசக்காது.

ஆனால் ஜியாம்பிக்கும் ஷெஃபீல்டுக்கும் இல்லாத ஒன்று பாண்ட்ஸிடம் இருந்தது, அந்தச் சாதனை. 756-வது ஹோம் ரன்னை அடித்து, பழைய சாதனைக்காரர் ஹேங்க் ஆரனைத் தாண்டியது ஆகஸ்ட் 7, 2007. மூன்று நாள் முன்பு சான் டியாகோவில் 755-ஐ அடித்துச் சமன் செய்தபோது கமிஷனர் பட் செலிக் அரங்கத்தில் இருந்தார். பேன்ட் பையில் கையை விட்டுக்கொண்டு எழுந்து நின்றார், கைதட்டவில்லை. 756 அன்று வரவே இல்லை. அந்த 756-வது பந்தை மார்க் எக்கோ என்கிற ஃபேஷன் வியாபாரி ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கி, என்ன செய்யலாம் என்று இணையத்தில் ஓட்டு வைத்தார். சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்டும் நட்சத்திரக் குறி குத்தி அருங்காட்சியகத்துக்கு அனுப்பு என்று ஜனங்கள் சொன்னார்கள். அப்படியே போனது. ஒரு டீம் முதலாளி இதையெல்லாம் பார்க்கிறார். இவரை எடுத்தால், நின்றுபோன 762-க்கு அடுத்து 763, 764 என்று ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் அந்த நட்சத்திரக் குறிக் கேள்வியை, வெளியூருக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும், தன் டீம் சார்பில் சந்திக்க வேண்டும். 2006-ல் சான் டியாகோ ரசிகர் ஒருவர் மைதானத்துக்குள் சிரிஞ்சையே எறிந்தார்.

2008 நடுவில் ஏஜென்ட் ஜெஃப் போரிஸ், குறைந்தபட்ச சம்பளத்துக்கே வருவார் என்று டீம்களுக்குச் சொல்லிவிட்டார். அந்த வருடக் குறைந்தபட்சம் 3,90,000 டாலர். முந்தைய வருடம் அவர் வாங்கியது ஒன்றரைக் கோடிக்கு மேல். அப்போதும் ஒருவரும் வரவில்லை. இவரை யாரும் எடுக்கக் கூடாது என்று முதலாளிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள் என்று பாண்ட்ஸ் தரப்பு சொன்னது. அவர்கள் அதற்குப் புதியவர்களும் இல்லை. 1980-களில் கூட்டுச் சேர்ந்து பிடிபட்டு 28 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தவர்கள். 1987-ல் ஆந்த்ரே டாசன் சம்பளம் எழுதாத வெற்று ஒப்பந்தத்தைச் சிகாகோ கப்ஸிடம் நீட்டி, நீங்களே எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. அந்த வருடம் அவர்தான் எம்விபி, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ஆனால் பாண்ட்ஸ் விஷயத்தில் 2015-ல் வழக்கைக் கேட்ட மத்தியஸ்தர் கூட்டுச்சதி இல்லை என்று தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சென்னையில் கல்யாணமாகாத பையன் வாடகைக்கு வீடு தேடினால் என்ன நடக்கும்? ஒருவர் சொந்தக்காரர் வருகிறார் என்பார், ஒருவர் ஃபேமிலிக்குத்தான் என்பார், ஒருவர் போனையே எடுக்க மாட்டார். வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டுப் பேசவில்லை, பையனுக்கு வீடும் கிடைக்கவில்லை. பாண்ட்ஸுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு டீமுக்கு முழங்கால், ஒரு டீமுக்கு வழக்கு, ஒரு டீமுக்கு ஸ்பான்சர். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஒப்புக்கொள்ளக் கூடிய காரணம்.

ஆனால் சியாட்டிலுக்கு என்ன காரணம்? 101 ஆட்டம் தோற்ற டீமுக்குக் கெட்டுப்போக என்ன பெயர் மிச்சம் இருந்தது? விசாரணை நடந்ததோ 2011 மார்ச்சில். 2008 சீசனில் ஒரு நாள்கூட அவர் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. பொய் சாட்சிக் குற்றச்சாட்டுகளில் ஜூரி முடிவுக்கே வரவில்லை. நீதிக்குத் தடை என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். ஊசி பற்றிக் கேட்டதற்கு, நான் பிரபலமானவரின் பிள்ளை என்று சுற்றி வளைத்துச் சொன்ன பதிலுக்காக. 2015-ல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது. 3,90,000 டாலரில், விட்ரோ நின்ற இடத்தில், 132 வாக் வாங்கினவர் நின்றிருக்கலாம். மரினர்ஸ் அப்போதும் தோற்றிருக்கும், சந்தேகமே இல்லை. பார்க்கிறவனுக்கு ஸ்டேடியம் டிக்கெட் காசாவது செரித்திருக்கும்.

தளத்தின் கீழ்ப்பகுதியில், பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் பத்திரிகையாளர்கள் போட்ட ஓட்டுகளும் வருடவாரியாக இருக்கின்றன. 2013-ல் 36.2 சதவீதம், பத்திரிகையாளர் ஓட்டில் கடைசி வாய்ப்பான 2022-ல் 66. தேவை 75.

இனி உபயோகக் குறிப்புகள். அட்டவணைகள் அகலமானவை, அதனால் லேப்டாப்பில் பார்ப்பதே சுகம். ஆட்டக்காரர் பக்கம், ஆட்டவாரிப் பதிவு, சம்பளம், டீம் மாறிய விவரம் எல்லாம் இலவசத்திலேயே வந்துவிடும். இந்த விமர்சனத்தில் நான் சொன்னதில் முக்கால்வாசியை ஒரு சென்ட் கொடுக்காமல் நீங்களே சரிபார்க்கலாம். 42 வயதுத் தேடல் போன்றவற்றின் முழுப் பட்டியலுக்குத்தான் சந்தா. வருஷம் முழுக்கக் கட்ட வேண்டியதில்லை. நான் ஏப்ரலில் எடுத்து, மரினர்ஸ் கதை முடிந்ததும் நிறுத்திவிடுவேன். பல வருடங்களில் அது ஆகஸ்டிலேயே முடிந்துவிடும், அந்த வகையில் எங்கள் டீம் காசு மிச்சப்படுத்தித் தருகிறது. ஆட்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பழைய செய்தித்தாளையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலரை.